கையுறை போடு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சம்பா நடவு முடிந்தது. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

சோதனைத் திடலில் களைமருந்து அடிக்கும்போது கையுறை போடுகிறாயா? எதிர்காற்றில் நிற்காதே.

நம் மேட்டு வயலில் நட்ட மூன்றாம் நாளே குத்தகைக்காரர் பியூட்டாகுளோர் என்ற களைமருந்தை மணலில் கலந்து தூவிவிட்டார். நான் பத்தாம் நாள் ஏக்கருக்கு நாலு கிலோ நீலப்பச்சைப் பாசி தூவ வைத்திருந்தேன். அதே தண்ணீர், அதே சேறு. பாசி வாழ்வது மேல்மண்ணில் சில மில்லிமீட்டரில். மருந்தும் அங்கேதான் படிகிறது. டையூரான், அட்ரசின் போன்ற களைமருந்துகள் ஒளிச்சேர்க்கையிலேயே கை வைப்பவை. அவற்றுக்குக் களை எது, பாசி எது என்ற பேதம் கிடையாது. கிளைபோசேட் மருந்து களையில் முடக்கும் நொதி பாசியிடமும் உண்டு. எல்லாப் பாசியும் செத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சொன்ன அளவில் போட்டால் பல வகைகள் சில வாரத்தில் தேறிவிடும். ஒரு மூடி என்றால் இரண்டு மூடி ஊற்றுகிற கையை நினைத்துத்தான் பயம்.

நெல்வயலில் தழைச்சத்து சேர்வதற்குப் பாசி காரணம் என்று பி. கே. டே என்ற ஆய்வாளர் 1939-லேயே எழுதினார். ஹெக்டேருக்கு 20, 30 கிலோ என்பது சும்மாவா? பத்தாம் வகுப்பில் நீ வாய்க்கால் பாசியை ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்து, நுண்ணோக்கியில் மணிமணியாய் இருந்த நாஸ்டாக் என்ற நீலப்பச்சைப் பாசியை எனக்கு முன்னால் கண்டுபிடித்தாய். நான் பாடம் எடுத்த எந்தப் பிள்ளைக்கும் அந்தக் கண் இல்லை. அப்படிப்பட்டவள் களை எண்ணிக்கையும் மகசூலும் மட்டும் எழுதி அறிக்கையை முடிக்கலாமா? பாசி என்ன ஆயிற்று என்றும் பார். யாரும் கேட்காவிட்டாலும் எழுது.

ஞாயிற்றுக்கிழமை போன் நின்றுபோயிற்று. வேலை இருக்கும். அத்தை ஏதோ சொன்னாள். நான் மேலே கேட்கவில்லை. "சரிப்பா" என்று ஒரு வரி அனுப்புகிறாயே, அதை அம்மா திரும்பத் திரும்பப் படிக்கிறாள்.

மருந்து அடித்த அன்று குளிக்காமல் சாப்பிட உட்காராதே. அந்த உடையைத் தனியாகத் துவை. கையுறை போடு. அந்த வேலை பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு வா, யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம். வேறு ஏதாவது என்றாலும் வா. அம்மாவிடம் சொல்ல முடியாததை என்னிடம் சொல். என்னிடமும் முடியாவிட்டால் சித்தியிடமாவது சொல்.

பதில் எழுத வேண்டாம், போன் பண்ணு. ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அப்பா