கேஸ் ஷீட்டோடு நோயாளியின் முதுகையும் பாருங்கள்

மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று ஆய்வுக்கு வரும் மதிப்பீட்டாளர்களுக்கு,

வணக்கம். பக்கவாதம் வந்த அப்பாவோடு 19 நாள் ஒரு மருத்துவமனை வார்டில் இருந்தேன். அந்தச் சமயத்தில்தான் உங்களில் சிலர் ஆய்வுக்கு வந்தீர்கள். முந்தின நாளே எல்லா பெட்டுக்கும் புது விரிப்பு போட்டார்கள். கை கழுவும் இடத்தில் சோப்பு வைத்தார்கள், மேலே கை கழுவும் முறையைக் காட்டும் படம் ஒட்டினார்கள். நீங்கள் போன மூன்றாம் நாள் சோப்பைக் காணோம். படம் மட்டும் இருந்தது.

அப்பாவின் கேஸ் ஷீட்டில் ஒரு தாள் உண்டு. படுக்கைப்புண் வராமலிருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைத்ததாக அதில் டிக் போட வேண்டும். ராத்திரி 10, 12, 2, 4 என்று வரிசையாக டிக் இருக்கும். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன், யாரும் வரவில்லை. ஒரு காலையில் உடம்பு துடைத்துவிடும்போது வால் எலும்புக்கு மேலே ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தோல் சிவந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன். சிவப்பு மறையவே இல்லை. படுக்கைப்புண் தொடங்குவதற்கான அடையாளம் அது.

சிஸ்டரிடம் காட்டினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நைட்ல நாப்பது பேஷண்ட்டுக்கு நான் ஒருத்திம்மா. அப்பாவைத் திருப்ப ரெண்டு பேர் வேணும். ஷீட் காலியா இருந்தா மெமோ கொடுப்பாங்க." அன்று ராத்திரி அவரே வந்து, முழங்காலை மடக்கி, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்து உருட்டி, முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுக்கக் கற்றுத்தந்தார். ஒரு வாரத்தில் சிவப்பு அடங்கியது. அப்பாவைக் காப்பாற்றிய அந்தப் பத்து நிமிடத்துக்கு உங்கள் படிவத்தில் கட்டம் இருக்கிறதா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2004 வாக்கில், 100க்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், ரத்தக்குழாயில் செருகும் குழாயால் வரும் தொற்றை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். அதற்காக அவர்கள் வைத்திருந்த சரிபார்ப்புப் பட்டியலில் இருந்தவை 5 எளிய வேலைகள். முதல் வேலை கை கழுவுவது. ஆனால் பட்டியலை ஒட்டிவிட்டுப் போய்விடவில்லை. தேவையான பொருளையெல்லாம் ஒரே வண்டியில் கைக்கெட்ட வைத்தார்கள். டாக்டர் ஒன்றைத் தவறவிட்டால் நிறுத்தச் சொல்லும் உரிமையை சிஸ்டருக்குக் கொடுத்தார்கள். எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்ற கணக்கை அந்தந்த வார்டுக்கே திருப்பிச் சொன்னார்கள்.

அடுத்த முறை சொல்லாமல் வாருங்கள், ராத்திரி 2 மணிக்கு வாருங்கள். இந்த மாதம் எத்தனை பேருக்குப் படுக்கைப்புண் வந்தது என்று கேளுங்கள். அதிக எண்ணிக்கை சொல்லும் வார்டுக்கு மதிப்பெண்ணைக் குறைக்காமல், அங்கே நைட் டியூட்டிக்கு எத்தனை பேர் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். பெட்டுக்குக் கீழே பாயில் படுத்திருக்கும், நோயாளிக்குத் துணையாக வந்தவரையும் எழுப்பிக் கேளுங்கள். எங்களுக்குத் தெரியும், சொல்வோம்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்