ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: தமிழ்ப் படத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு துணை நடிகரின் திறந்த மடல்

மதிப்புக்குரிய தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம்.

2024 ஜூலைக் கடைசியில் நீங்கள் கூடிச் சில தீர்மானங்கள் போட்டீர்கள். முன்பணம் வாங்கிய நடிகர் அந்தப் படத்தை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் புதுப் படத்துக்குப் போக வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அந்தச் செய்தியைப் படித்தபோது நடிகன் என்ற முறையில் எனக்குக் கோபம் வரவில்லை. வட்டிக்கு வாங்கிப் போட்ட பணம் முடங்கிக் கிடந்தால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். சொன்ன தேதி, சொன்ன தொகை, சொன்ன வேலை மூன்றும் நிற்க வேண்டும் என்கிறீர்கள். நானும் அதைத்தான் கேட்க வந்திருக்கிறேன். கேட்கிற ஆள்தான் வேறு.

போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர், கதாநாயகியின் சித்தப்பா, பஞ்சாயத்தில் நாலாவதாகப் பேசும் பெரிய மனிதர். என் முகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், பெயர் நினைவுக்கு வராது. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நாடகத்திலிருந்து வந்தவன், சின்ன வேடத்தின் அருமை தெரியும். வளசரவாக்கத்தில் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கிறேன். படம் இல்லாத நாட்களில் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு நாடகப் பயிற்சி கொடுக்கிறேன். வீடு ஓடுவது பெரும்பாலும் அதில்தான்.

ஒரு படப்பிடிப்புத் தளத்தைக் கொஞ்சம் கணக்கெடுத்துப் பாருங்கள். லைட்மேனுக்கு, சினிமாத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சியோடு நீங்கள் பேசி முடித்த சம்பளம் இருக்கிறது. டிரைவருக்கு, மேக்கப் உதவியாளருக்கு, கூட்டத்தில் நிற்கும் ஜூனியர் ஆர்ட்டிஸ்டுக்குக்கூட ஒரு ரேட் இருக்கிறது. நேரம் தாண்டினால் எவ்வளவு என்பதுவரை பேசி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஹீரோவுக்கு மேனேஜர், வக்கீல், ஆடிட்டர் என்று ஆள் இருக்கிறது. நடுவில் நிற்கிறவர்கள் நாங்கள், நாலு வசனம் முதல் நாற்பது வசனம் வரை பேசுகிறவர்கள். எங்களுக்கு ரேட்டும் கிடையாது, மேனேஜரும் கிடையாது. எங்கள் சம்பளம் ஒரு போன் பேச்சில் முடிகிறது. “எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க சார்? சின்ன பட்ஜெட் படம், பார்த்துச் சொல்லுங்க” என்பார் புரொடக்‌ஷன் மேனேஜர். நான் ஒன்று சொல்வேன், அவர் பாதி சொல்வார். “சரி வாங்க, டைரக்டர்கிட்ட பேசி ஏதாவது பண்ணிக்கலாம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த ‘ஏதாவது’ எவ்வளவு என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது.

இந்த வாய்ப்பேச்சு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு ஒரு அனுபவம் சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம்.

எனக்கு ஒரு சாமியார் வேடம். தாடி, தலைமுடி எல்லாம் நானே வளர்த்தது. முதல் ஷெட்யூல் தேனிப் பக்கம் நல்லபடியாகப் போனது. கிளம்பும்போது உதவி இயக்குநர் வந்து, “சார், அடுத்த மாசம் செகண்ட் ஷெட்யூல். கெட்டப்பை மட்டும் மாத்திடாதீங்க, கன்டினியூட்டி இருக்கு” என்றார். அடுத்த மாதம் ஹீரோ தேதி கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த மாதம் ஃபைனான்ஸ் சிக்கல். அப்புறம் மழை. இதற்கு நடுவில் எனக்கு ஒரு சீரியலில் வக்கீல் வேடம் வந்தது. மாதத்தில் சில நாட்கள் நிச்சயமாக வேலை இருந்திருக்கும். ஒரு துணிக்கடை விளம்பரத்தில் கல்யாணப் பெண்ணின் அப்பா வேடமும் வந்தது. இரண்டுக்குமே மழித்த முகம் வேண்டும். ஒட்டுத்தாடி வைத்துச் சமாளிக்கலாமா என்று பட கம்பெனியில் கேட்டேன். க்ளோசப்பில் தெரியும் என்றார்கள். தொழில்முறையில் அது சரியான பதில், என்னாலும் மறுக்க முடியவில்லை. ஆக இரண்டு வேலையும் போயின. கோடை விடுமுறைப் பயிற்சிக்கு ஒரு பள்ளியில், இந்தக் கோலத்தில் பிள்ளைகள் முன்னால் வேண்டாமே என்று தயங்கினார்கள், அதுவும் போனது.

செகண்ட் ஷெட்யூல் கடைசியில் நடந்தது. எனக்கு அதில் இரண்டே நாள் வேலை, இரண்டு நாளுக்குச் சம்பளம். அந்த இரண்டு நாளுக்காக நான் சும்மா வைத்திருந்த மாதங்களுக்கு எந்தக் கணக்கும் இல்லை. அதே படத்துக்காக எடுத்த பங்களாவுக்குப் படப்பிடிப்பு நடக்காத நாளுக்கும் வாடகை போனது என்று மேனேஜரே புலம்பினார். சுவருக்கு வாடகை உண்டு, என் முகத்துக்கு இல்லை.

ஹீரோவின் தேதி தள்ளிப்போவது உங்கள் கையில் இல்லைதான். ஆனால் தள்ளிப்போனதன் செலவில் எங்கள் பங்கை நாங்கள் மட்டும் சுமக்கிறோம், அது உங்கள் பட்ஜெட் தாளில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை. முதலிலேயே எழுதியிருந்தால் வந்திருக்கும். “இன்ன தேதிவரை கெட்டப்பைக் காப்பாற்ற வேண்டும், அதற்கு மேல் போனால் மாதம் இவ்வளவு” என்று ஒரு வரி இருந்தால் போதும். தொகை சின்னதாகவே இருக்கட்டும். அப்படி ஒரு வரி இருந்தால் ஷெட்யூல் போடுகிறவரும் கொஞ்சம் யோசித்துப் போடுவார் என்பது என் எண்ணம்.

அடுத்தது செட்டில்மென்ட். “டப்பிங்ல வாங்கிக்கலாம் சார்” என்ற வாக்கியத்தைக் கேட்காத துணை நடிகர் கோடம்பாக்கத்தில் இருக்க முடியாது. பெரிய நடிகருக்கு டப்பிங் ஒரு பிடி. பாக்கி வராமல் அவர் மைக் முன்னால் நிற்க மாட்டார், அவர் குரல் இல்லாமல் உங்களால் படத்தை வெளியிட முடியாது. எங்களுக்கு அந்தப் பிடி இல்லை. நான் பாக்கி கேட்டால் அன்றைக்கே வேறு ஒருவரை வைத்து என் வசனத்தைப் பேச வைத்துவிடலாம். பேசியும் இருக்கிறார்கள். திரையில் என் வாய் அசைய, கேட்பது யாருடைய குரலோ. சில படங்களில் டப்பிங்குக்கு அழைப்பே வராது. என் காட்சி எடிட்டிங்கில் போயிருக்கும். காட்சியை வெட்டுவது இயக்குநரின் உரிமை, அதில் நான் தலையிடவில்லை. காட்சியோடு சேர்த்துப் பாக்கிச் சம்பளத்தையும் வெட்டுவது யாருடைய உரிமை?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்து சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு வங்கியில் போடும் கம்பெனிகள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. பிடித்தம் போனால் போகட்டும், நான் வேலை செய்தேன் என்பதற்கு வருமானவரித் துறையிடமாவது ஒரு பதிவு இருக்கிறதே! கவரில் வைத்துக் கொடுக்கும் பணத்துக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. வங்கியில் கடன் கேட்டுப் போனால் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள். சென்னையில் வீடு பார்க்கப் போனால், ‘சினிமாவா?’ என்றதுமே முகம் மாறுகிறது. கையில் ஒரு ஒப்பந்தத் தாள் இருந்தால் இரண்டு இடத்திலும் காட்டலாம். இந்தத் தொழிலில் பத்து வருஷம் இருந்தவனிடமும் அதற்கு அத்தாட்சியாகக் காட்டப் போஸ்டர்தான் இருக்கிறது, அதிலும் பெரும்பாலும் என் படம் இருக்காது.

எழுத்தில் கேட்பது என் சொந்த ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். 1981-லேயே மத்திய அரசு சினிமாத் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் ஒருவரைப் படத்தில் வேலைக்கு வைக்கக் கூடாது, அந்த ஒப்பந்தத்தைப் பதிவும் செய்ய வேண்டும் என்றது அது. தொழிலாளர் என்றால் லைட் தூக்குகிறவர் மட்டும் என்று நினைக்க வேண்டாம், நடிகரையும் இசைக்கலைஞரையும் நடனக் கலைஞரையும் சேர்த்தே அந்தச் சட்டம் சொன்னது. அதில் ஒரு ஊதிய வரம்பு இருந்தது, அதனால் பெரிய நடிகர்கள் வெளியே, எங்களைப் போன்றவர்கள் உள்ளே. பிறகு 2020-இல் வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் இதையும் சேர்த்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதிலும் எழுத்து மூலமான ஒப்பந்தம் கட்டாயம்தான், கூடவே சீரியல், வெப் சீரிஸ், ரியாலிட்டி ஷோ எல்லாவற்றுக்கும் விரித்திருக்கிறார்கள். ஆக நான் கேட்பது நாற்பது வருஷத்துக்கும் மேலாகச் சட்டத்தில் இருப்பது. நான் நடித்த எந்தப் படத்திலும் அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதில்லை.

பக்கத்து மாநிலமான கேரளத்தில், சினிமாவில் வேலை செய்யும் பெண்களின் நிலையை ஆராய 2017-இல் அமைத்த ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது, பாலியல் தொல்லை பற்றிய பகுதிகள்தான் தலைப்புச் செய்தி ஆயின. ஆக வேண்டியதுதான். ஆனால் அதே அறிக்கையில் கழிப்பறை இல்லாதது, உடை மாற்ற இடம் இல்லாதது, ஒப்பந்தம் இல்லாதது பற்றியெல்லாம் இருக்கிறது. நம் படப்பிடிப்புகளில் என்னோடு அம்மாவாகவும் அத்தையாகவும் நடிக்கிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள். கேரவன் அவர்களுக்குக் கிடையாது. அவுட்டோர் என்றால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிற அக்காக்களை எனக்குத் தெரியும். நான் கேட்கிற ஒரு பக்க ஒப்பந்தத் தாளில் இதற்கும் ஒரு வரி வேண்டும்.

ஆடிஷன் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. புகைப்படமும் வீடியோவும் அனுப்பச் சொல்கிறீர்கள், அனுப்புகிறோம். தேர்வு முடிந்துவிட்டால் “முடிந்தது” என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். வேடம் தருகிறேன் என்று பதிவுக் கட்டணம் வாங்கும் கும்பல் உங்கள் பேனர் பெயரைச் சொல்லித்தான் ஊர்ப்பிள்ளைகளை ஏமாற்றுகிறது. உண்மையான ஆடிஷன் எது என்பதை உங்கள் சங்கத்தின் இணையப் பக்கத்தில் ஒரு வரி போட்டாலே பாதிக் கும்பல் ஓடிவிடும்.

பாக்கி கேட்டால் எங்களுக்கு ஒரு புத்திமதி கிடைக்கும். “விஜய் சேதுபதியைப் பாருங்க சார், எத்தனை வருஷம் பொறுமையா இருந்தார்!” துபாய் வேலையை விட்டு வந்து, கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் கணக்கு எழுதி, சின்னச் சின்ன வேடங்களில் தலைகாட்டி, 2010-இல்தான் கதாநாயகன் ஆனார். அவர் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் அவர் கதையைச் சம்பளம் தராததற்குச் சமாதானமாகச் சொல்வது அவருக்கும் மரியாதை இல்லை. தவிர, நாங்கள் எல்லோரும் கதாநாயகன் ஆகக் காத்திருப்பதாக யார் சொன்னது? நான் ஐம்பது வயதிலும் அறுபது வயதிலும் நாலாவது ஆளாகவே நடிக்க விரும்புகிறேன். அதை வைத்து வீட்டு வாடகை கொடுக்க முடிய வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் பக்கமும் எனக்குத் தெரியும். முதல் படம் எடுத்த கையோடு ஊரில் நிலத்தை விற்றுவிட்டு காணாமல் போன தயாரிப்பாளர்களோடு நான் டீ குடித்திருக்கிறேன். படம் முடிந்தும் வெளியிட வழியில்லாமல் வருஷக்கணக்காகப் பெட்டிக்குள் இருக்கிற படங்களில் நானும் இருக்கிறேன். பணமே இல்லாத படம் என்றால் அதையும் எழுதுங்கள். “சம்பளம் இல்லை, சாப்பாடும் பயணச் செலவும் உண்டு, படம் விற்றால் இவ்வளவு” என்று எழுதிக் கொடுங்கள். நல்ல கதை என்றால் நான் வருவேன், எங்களில் பலரும் வருவார்கள். பணம் உண்டு என்று சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, கடைசியில் போனை எடுக்காமல் இருப்பதுதான் பிரச்சினை.

ஆகவே என் கோரிக்கை இது. உங்கள் சங்கங்களும் நடிகர் சங்கமும் உட்கார்ந்து தமிழில் ஒரு பக்கத்துக்கு ஒரு பொதுப் படிவம் தயாரியுங்கள். ஒரு கால்ஷீட்டுக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம், பணம் எந்தத் தேதிக்குள் வங்கிக்கு வரும், கெட்டப் எதுவரை, டப்பிங் யார், காட்சி வெட்டப்பட்டாலும் சம்பளம் உண்டா, பெயர் டைட்டிலில் வருமா, தங்க, உடை மாற்ற என்ன ஏற்பாடு. இவ்வளவுதான். முதல் நாள் மேக்கப் போடும் முன்பு இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். படத்தின் தலைப்பைப் பதிவு செய்ய, வெளியீட்டு நேரத்தில் மற்ற வேலைகளுக்கு என்று எல்லாத் தயாரிப்பாளரும் உங்கள் சங்கத்துக்கு வந்துதான் போகிறார்கள். அங்கே இந்தத் தாள்களின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள், நடைமுறைக்குத் தானாக வந்துவிடும். முன்பணம் பற்றி ஒரே கூட்டத்தில் தீர்மானம் போட முடிந்த உங்களுக்கு இது கஷ்டமான வேலை இல்லை.

இந்த மடலின் அடியில் என் பெயர் இல்லை. பாக்கியை அழுத்திக் கேட்கிற நடிகரைப் பற்றி “அவர் கொஞ்சம் பிரச்சினை பண்ணுவார்” என்று ஒரு மேனேஜர் இன்னொரு மேனேஜரிடம் சொன்னால் என்ன ஆகும் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். படிவம் தயாரானால் சொல்லுங்கள், முதல் தாளில் பெயரோடு கையெழுத்துப் போட நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு துணை நடிகர்
வளசரவாக்கம், சென்னை