முத்தோரைச் சரிவையும் கொஞ்சம் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஊட்டி பற்றிய உங்கள் கோடை மலரை ஒரு வரி விடாமல் படித்தேன். தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, மலை ரயில் எல்லாம் வந்திருக்கிறது, முத்தோரை மட்டும் இல்லை. பாலாடா பக்கம் கேரட் தோட்டங்களைத் தாண்டிப் போனால் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ டெலஸ்கோப், அதாவது வானத்துப் பொருள்களில் இருந்து வரும் ரேடியோ அலைகளை வாங்கும் கருவி, படுத்திருக்கிறது, 1970ல் கட்டி முடித்தது, அதை உருவாக்கியவர் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப். முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவன் நான், அந்தப் பெயர் ஊட்டி மலரிலேயே இல்லை என்றதும் மனசு கேட்கவில்லை.

1983ல், வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்தப் பக்கம் பஸ்ஸில் போனபோது பக்கத்தில் இருந்தவர் அதை ராணுவத்து வேலி என்றார். நானும் நம்பிவிட்டேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டபோதுதான் அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று புரிந்தது. ஒரே அச்சில் சுற்றி வானத்தில் ஒரு பொருளைப் பல மணி நேரம் பின்தொடர வேண்டும் என்றால், டெலஸ்கோப் சுற்றுகிற அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். பூமத்திய ரேகையில் என்றால் சமதரையே போதும். ஊட்டி இருப்பது வடக்கே சுமார் 11 டிகிரியில், அதனால் வடக்கே ஏறிப்போகும் 11 டிகிரிச் சரிவு ஒன்று வேண்டும், அது முத்தோரையில் கிடைத்தது. மலையே பாதி இயந்திர வேலையைச் செய்துவிட்டது! நீளமான உருளை போல இருக்கும் அந்த டெலஸ்கோப்பை ஒரே அச்சில் மெதுவாக உருட்டினால் ஒரு பொருளை ஒன்பதரை மணி நேரம் தொடர்ந்து பார்க்கலாம், வடக்கு தெற்காகப் பார்வையைத் திருப்புவதற்கு உருளையை அசைக்கவே வேண்டாம், வரிசையாக இருக்கும் 1,056 சின்ன ஆண்டெனாக்களின் சிக்னல்களை மின்னணு முறையில் சரிசெய்தாலே போதும். வகுப்பில் நான் ஒரு புத்தகத்தைச் சாய்த்து வைத்து, அதன்மேல் அடிஸ்கேலை உருட்டிக் காட்டுவேன், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் சட்டென்று புரிந்துவிடும்.

இன்னொன்று, அலைகளைப் பிரதிபலிக்க அதில் தகடே கிடையாது. 24 பரவளைய (பாரபோலா) வடிவச் சட்டங்கள், அவற்றின்மேல் இழுத்துக் கட்டிய 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், அவ்வளவுதான். அது வாங்கும் ரேடியோ அலையின் நீளம் கிட்டத்தட்ட 92 சென்டிமீட்டர், அதற்குச் சில சென்டிமீட்டர் இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. எதை விட்டுவிட்டாலும் வேலை நடக்கும் என்று தெரிந்து அதை விட்டுவிடுவதுதான் ஆண்டெனா வடிவமைப்பில் பெரிய திறமை என்று நான் நினைக்கிறேன், ஸ்வரூப்புக்கு அது கை வந்த கலை.

அவரை இந்தத் துறைக்கு இழுத்ததில் நம் வத்திராயிருப்பு இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணனுக்கும் பங்கு உண்டு. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஸ்வரூப் அவரிடம்தான் வேலை பார்த்தார், 1952ல் சிட்னி மாநாட்டுக்குப் போய்வந்த கிருஷ்ணன் அங்கே கேட்ட ரேடியோ வானியல் பற்றிச் சொல்ல, அடுத்த வருஷமே ஸ்வரூப் ஆஸ்திரேலியா போனார். அங்கே இனி வேண்டாம் என்று ஒதுக்கவிருந்த, ஆறடி விட்டமுள்ள 32 டிஷ்களை இந்தியாவுக்குக் கேட்டு வாங்கினார். அப்புறம் அமெரிக்கா, ஸ்டான்போர்டில் முனைவர் பட்டம். ஹோமி பாபா அழைத்ததும் 1963ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் திரும்பி வந்தார். அந்த 32 டிஷ்களும் 1965ல் மும்பை அருகே கல்யாணில் சூரியனைப் பார்க்கத் தொடங்கின. அதற்கு ஐந்தே வருஷத்தில் ஊட்டி!

ஊட்டியில் முதலில் செய்த வேலை இன்னும் அழகு. ரேடியோ அலைகளை அனுப்பும் வானப் பொருள் ஒன்றை, அதாவது ஒரு ரேடியோ மூலத்தை, நிலா மறைக்கும் கணத்தில் சிக்னல் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்து, அந்த மூலம் எவ்வளவு பெரியது என்று கணக்கிட்டார்கள், இப்படி நூற்றுக்கணக்கான மூலங்கள். மங்கலாகத் தெரிகிறவை, அதாவது தொலைவில் இருப்பதால் பழைய காலத்து நிலையில் நாம் பார்ப்பவை, மாறாத பிரபஞ்சத்தில் எதிர்பார்ப்பதைவிடச் சிறியதாக இருந்தன. பிரபஞ்சம் காலம்தோறும் மாறி வந்திருக்கிறது என்பதற்கு 1975ல் இது ஒரு சான்றாக நின்றது, என்றைக்கும் மாறாத பிரபஞ்சம் என்ற கொள்கைக்கு எதிராக. நீலகிரியில் இருந்து போன சான்று இது.

கம்பி யோசனையை அவர் அதோடு விடவில்லை. புனேவுக்கு வடக்கே கோடாட் கிராமத்தில் அவர் அமைத்த இன்னொரு ரேடியோ டெலஸ்கோப்பின் டிஷ்கள், 45 மீட்டர் விட்டத்தில் 30, நிற்கின்றனவே, அவற்றிலும் தகடு இல்லை, கயிறு போல இழுத்த கம்பிகளின்மேல் மெல்லிய எஃகு வலை. காற்று புகுந்து போய்விடும், எடை குறையும், செலவும் குறையும். 2020 செப்டம்பர் 7ல் புனேயில் தன் 91வது வயதில் அவர் காலமானார்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த கோடை மலரில் முத்தோரைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெரிய கட்டுரை வேண்டியதில்லை. மலைச்சரிவு, அதன்மேல் உருளை, பக்கத்தில் சாய்ந்த பூமியின் அச்சு என்று ஒரு படம் போட்டு, ஏன் இணையாக இருக்கிறது என்று நாலு வரி எழுதினால், ஊட்டிக்கு வரும் குடும்பத்தில் ஒரு பிள்ளையாவது அந்தப் பக்கம் போகும்போது பஸ் ஜன்னலில் எட்டிப் பார்க்கும். வகுப்பில் நான் பயன்படுத்திய படம் இன்னும் என்னிடம் இருக்கிறது, கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
குன்னூர்