நாலாம் நம்பர் முட்டை

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. நேற்று போனில் பேரன் "அப்புச்சி, எத்தனை பொரிஞ்சுது?" என்று கேட்டபோது, ஒன்பது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீ ஸ்பீக்கரில் போட்டிருந்தாய். அவன் காதுபட மற்றதைச் சொல்ல மனசு வரவில்லை. அதனால்தான் கடிதம். முதலில் நீ படி.

பன்னிரண்டு முட்டைக்கும் அவன் பென்சிலில் நம்பர் போட்டான் இல்லையா. ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்ததில் இரண்டு கூமுட்டை என்று அவனுக்கே தெரியும். இன்னொன்று உள்ளேயே செத்துவிட்டது. எட்டுக் குஞ்சுகள் 21ஆம் நாள் பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டன. நாலாம் நம்பர் மட்டும் ஓட்டில் மிளகு அளவு ஓட்டை போட்டுவிட்டு அப்படியே கிடந்தது. உள்ளிருந்து கீச் கீச்சென்று சத்தம். "உரிச்சு விட்டிருங்க" என்றாள் உங்கம்மா. நான் கை வைக்கவில்லை. சவ்வில் இருக்கிற ரத்த நரம்பு வற்றுவதற்கு முன்னால், மஞ்சள் கரு வயிற்றுக்குள் போவதற்கு முன்னால் உரித்தால் ரத்தம் போய்ச் செத்துவிடும். ராத்திரி முழுக்கக் காத்திருந்தேன். மறுநாள் மத்தியானம் தானாகவே வெளியே வந்தது.

வந்த குஞ்சால் நிற்க முடியவில்லை. இரண்டு காலும் கவட்டை மாதிரி பக்கத்துக்கு ஒன்றாக விரிந்து, நெஞ்சு தரையில் தேயத் தேய நகர்ந்தது. வலது கால் விரல்கள் உள்பக்கம் சுருண்டிருந்தன. தாய்க்கோழியிடம் விட்டேன். தலையிலேயே இரண்டு கொத்து கொத்தியது. சரி என்று எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்தேன். பெட்டியில் நியூஸ்பேப்பர் விரித்தது என் தப்பு. வழுக்குகிற தரையில் கால் இன்னும் விரியும். அதை எடுத்துவிட்டுச் சணல் சாக்கு போட்டேன். காற்றுக்காலம் தொடங்கிவிட்டது, ராத்திரியில் சில்லென்று அடிக்கிறது. சூடு காட்ட 60 வாட் குண்டு பல்பு தேடினால் வீட்டில் எல்லாம் எல்இடி. அதில் சூடு வராது. பரணில் பழையது ஒன்று கிடைத்தது. முதல் வாரம் 35 டிகிரி வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லிவிடும்: குளிர்ந்தால் ஓயாமல் கத்தும், சூடு அதிகமானால் வாயைப் பிளந்துகொண்டு பல்பை விட்டு விலகும்.

பேண்ட் எய்டை நீளவாக்கில் கிழித்து இரண்டு காலையும் சேர்த்துக் கட்டினேன். ரொம்ப நெருக்கியும் இல்லாமல், விரியவும் விடாமல், அது நேராக நின்றால் கால் எங்கே இருக்குமோ அந்த அளவு இடைவெளி. சுருண்ட விரல்களை நீவி, கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு துண்டு வெட்டி அடியில் வைத்து ஒட்டினேன். உள்ளங்கையில் பிடித்திருக்கும்போது அதன் நெஞ்சு அடிப்பது விரல் நுனி வரைக்கும் தெரிந்தது. ஓர் எலுமிச்சம்பழ கனம்கூட இல்லை. உயிர் மட்டும் அத்தனை வேகமாக ஓடுகிறது.

இரண்டு நாளைக்கு வயிற்றில் இருக்கிற மஞ்சள் கருவே போதும், தீனிக்கு அவசரமில்லை. தண்ணீர் மட்டும் மூக்கு நுனியை நனைத்துக் காட்டினேன். வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மூன்றாம் நாள் அவித்த மஞ்சள் கருவை உதிர்த்து வைத்தேன். தனியாக இருந்தால் கத்திக்கொண்டே இருந்ததால் கூடப்பிறந்த குஞ்சு ஒன்றையும் பெட்டியில் விட்டேன். அப்புறம்தான் அடங்கியது. கால்நடை மருந்தகத்து டாக்டர் வைட்டமின் சொட்டு மருந்து கொடுத்தார். தாய்க்கோழி தீனியில் பி2 சத்து குறைந்தால் குஞ்சுக்கு விரல் சுருளும் என்றார். மக்காச்சோளமும் பழைய சோறும் மட்டும் போட்டு வந்தவன் நான். இப்போது தினமும் முருங்கைக்கீரை போடுகிறேன்.

ஐந்தாம் நாள் கட்டை அவிழ்த்தேன். நின்றது, அம்மிணி! தள்ளாடி நாலடி வைத்தது, விழுந்தது, எழுந்தது. உங்கம்மாவைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன்.

ஆனால் அன்றைக்குத்தான் அலகைக் கவனித்தேன். மேல் அலகு இடப்பக்கம் லேசாக ஒதுங்கியிருக்கிறது. வளர வளர இன்னும் கோணும், இதற்குக் கட்டுப் போட முடியாது என்றார் டாக்டர். தரையில் கிடக்கிற தானியத்தை அதனால் பொறுக்க முடியாது. ஆழமான கிண்ணத்தில் தீவனத்தை நனைத்து வைக்க வேண்டும், அலகு நுனி நீண்டால் நகம் வெட்டுவது போல வெட்ட வேண்டும். பிழைத்தாலும் அதன் முட்டையை அடை வைக்கக் கூடாது. பிழைக்காமலும் போகலாம்.

இப்போது உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உனக்கு ஏழு வயதிருக்கும்போது கால் ஊனமாக ஒரு குஞ்சு பொரிந்தது, ஞாபகம் இருக்கிறதா? கொட்டாங்குச்சியில் தண்ணீர் வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். விடிந்தபோது குஞ்சு இல்லை. பருந்து தூக்கிப் போய்விட்டது என்றேன். அது பொய். நீ எழுவதற்கு முன்னால் நான்தான் வேலிக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் விட்டேன். அப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு அப்படித்தான் செய்வார்கள், நானும் யோசிக்கவில்லை. நீ ரெண்டு நாள் கையில் கல்லோடு வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதைப் பார்த்தும் நான் வாய் திறக்கவில்லை. என்னை மன்னித்துவிடு கண்ணு.

பேரனிடம் அப்படி ஒரு பொய் சொல்ல என்னால் முடியாது. கால் சரியாகிவிட்டது, அலகு சரியாகாது, அப்புச்சி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லலாமா? அவன் எவ்வளவு தாங்குவான் என்பது உனக்குத்தான் தெரியும். நீ சொல், அப்புறம் நானே போனில் பேசுகிறேன்.

இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். காலையில் கிண்ணத்துக்குள் தலையைச் சாய்த்து, கீழ் அலகால் அள்ளித் தின்னப் பழகியிருக்கிறது. பாதி வெளியே சிந்துகிறது, அதைக் கூட இருக்கிற குஞ்சு தின்கிறது. பென்சிலில் 4 போட்ட ஓட்டுத் துண்டு உடையாமல் கிடைத்தது. கழுவிக் காயவைத்து, பஞ்சு சுற்றி, பீரோவில் அவனுக்காக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா