பாப்பாவுக்கு, அல்சூரிலிருந்து

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

நீ எனக்குப் போன் பண்ணிப் பத்தொன்பது நாள் ஆகிறது. அம்மா எண்ணவில்லை, நான்தான் காலண்டரில் புள்ளி வைத்துக்கொண்டு வருகிறேன். அம்மாவுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் "பிஸி" என்று போடுகிறாய். சரி, பிஸிதான். கோர்ட் வேலை முடிந்து ராத்திரி தனியாக ஆட்டோவில் வராதே. ஐ.டி.ஓ. ஸ்டேஷனில் ஏறி மெட்ரோவிலேயே போ. டெல்லியில் பனி மூடியிருக்கிறது என்று டிவியில் காட்டினான்.

அம்மாவின் முட்டி பரவாயில்லை. பெரியப்பா மாடி விவகாரத்தை மறுபடி கிளப்பியிருக்கிறார், நீ அதில் தலையிடாதே.

சோமேஸ்வரர் கோயிலில் கீழ்வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். "உங்க பொண்ணு ரெய்டுக்கெல்லாம் போகுமா சார்?" என்றார். ரெய்டு போலீஸ் வேலை, என் பெண் சி.பி.ஐ. பிடித்துக் கொடுத்ததைக் கோர்ட்டில் நின்று நிரூபிக்கிற பிராசிக்யூட்டர், யூ.பி.எஸ்.சி. எழுதிப் போனவள் என்று ஒரு பாட்டம் சொல்லி முடிப்பதற்குள் தீபாராதனை ஆகிவிட்டது. இவ்வளவு பேசுகிற எனக்கு உன்னிடம் பேச வாய் வரவில்லை பார்.

அன்றைக்குப் போனில் நான் சொன்னது உனக்குப் பிடிக்கவில்லை. தெரிகிறது. உன் கேஸில் அந்தக் குமாஸ்தா முன்னே சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சி ஆகிவிட்டார், பொய் சாட்சி சொன்னதற்கு அவர் மேல் மனு போடப் போகிறேன் என்றாய். நான், "பாவம், விட்டுத்தள்ளு" என்றேன். "நீங்களா இப்படிப் பேசறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அதற்காக அப்பாவிடம் பத்தொன்பது நாளா?

நீ கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. நான்தானே உனக்கு அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவன். 2015 மே மாதம், ஜெயலலிதா சொத்து வழக்கில் இங்கே ஹைகோர்ட் விடுதலை கொடுத்த சமயம். தீர்ப்பில் பத்துக் கடன்களின் கூட்டுத்தொகை தப்பு என்று அரசுத் தரப்பு வக்கீல் ஆச்சார்யா சொன்னதாகப் பேப்பரில் வந்திருந்தது. நீ கடைசி வருஷம் லா. "அப்பா, நீங்க கூட்டுங்க" என்று பென்சிலைக் கையில் கொடுத்தாய். கால்குலேட்டர் வேண்டாம் என்று விரல் விட்டே கூட்டினேன். 10.67 கோடி வந்தது. தீர்ப்பில் 24.17 கோடி. கடன் அவ்வளவு என்று வைத்ததால்தான் வருமானத்துக்கு மிஞ்சிய சொத்து 8.12 சதவீதத்துக்கு இறங்கி, பத்து சதவீதம் வரை போனால் போகட்டும் என்கிற வரம்புக்குள் அடங்கி, விடுதலை. சரியாகக் கூட்டினால் 76க்கு மேல் போகிறது. நீ அந்தக் காகிதத்தை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாய். 2017 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் கீழ்க்கோர்ட்டின் பழைய தீர்ப்பே சரி என்று சொன்னபோது ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணிக் கத்தினாய், "நம்ம கணக்குதாம்பா சரி!" என்று. அதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே. ஆட்டோ வேண்டாம் என்று மேலே எழுதிவிட்டேன், மறுபடியும் சொல்கிறேன்.

2022 டிசம்பரில் இன்னொரு தடவை கத்தினாய். சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள், புகார் கொடுத்தவர் செத்தாலும் பிறழ்ந்தாலும் மற்ற சாட்சியங்களை வைத்து லஞ்சம் கேட்டதை நிரூபிக்கலாம் என்று. நானும் "நல்லது, நல்லது" என்றேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மா கேட்டதற்கு வாயு என்றேன்.

வாயு இல்லை.

1996இல் லஞ்சம் வாங்குகிறவர்களைப் பிடிக்கிற லோகாயுக்தா போலீசார் எங்கள் ஆபீசிலிருந்து என்னைச் சாட்சிக்குக் கூட்டிப்போனார்கள். வேறு இலாகா ஆளைத்தான் சாட்சி வைப்பார்கள், உனக்குத் தெரியாததா. மாவு மில்காரர் ஒருவரிடம் லைசென்சுக்கு ஐந்நூறு ரூபாய் கேட்டிருக்கிறான் ஒருத்தன். ஐந்து நூறு ரூபாய் நோட்டில் பவுடர் தடவி, நம்பரை மகஜர் என்கிற சாட்சிப் பத்திரத்தில் எழுதிக்கொண்டார்கள். மில்காரர் கூடவே நின்று, என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுப்பது என் வேலை. "தந்தித்தீரா?" என்றான், கொண்டுவந்தீர்களா என்று கன்னடத்தில். ஒரே வார்த்தைதான். வாங்கி எண்ணிச் சட்டைப்பையில் வைத்தான். அப்புறம் அவன் விரலைச் சோடா கரைசலில் முக்கினார்கள். நோட்டிலிருந்த பவுடர் விரலில் ஒட்டியிருந்ததால் தண்ணீர் ரோஸ் மில்க் மாதிரி ஆனது. பாட்டிலில் ஊற்றி அரக்கு வைத்து, மேலே ஒட்டிய சீட்டில் என் கையெழுத்தை வாங்கினார்கள். நான் ரோஸ் மில்க்கைத் தொடுவதில்லை என்று நீயும் அம்மாவும் கேலி செய்வீர்களே.

கேஸ் விசாரணைக்கு வர 2001 ஆகிவிட்டது. மில்காரர் அதற்கு முந்தின வருஷமே போய்ச்சேர்ந்துவிட்டார். அவன் பணம் கேட்டதைக் காதால் கேட்டவன் நான் ஒருத்தன்தான் மிச்சம். அவன் மனைவி இரண்டு பெண் குழந்தைகளோடு வீட்டுக்கு வந்து அழுதாள். கூண்டில் ஏறி, "தள்ளி நின்றிருந்தேன், பேசியது காதில் விழவில்லை" என்றேன். பிராசிக்யூட்டர் வயதானவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் பிறழ்சாட்சி என்று சொல்லி அவரே என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். பாட்டிலை நீட்டி, "இது உங்கள் கையெழுத்துதானே?" என்றார். ஆமாம் என்றேன். தண்ணீர் அதற்குள் வெளுத்துப்போயிருந்தது. அவன் விடுதலை ஆகிவிட்டான்.

இதோடு நிறுத்தினால் நான் இரக்கப்பட்டுச் செய்ததாக நினைத்துக்கொள்வாய். எனக்கே அப்படித்தான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். அந்த மாதம் எனக்கு ராய்ச்சூருக்கு மாற்றல் போட்டிருந்தார்கள். அவன் மைத்துனன் எங்கள் தலைமை ஆபீசில் இருந்தான். நான் சாட்சி சொன்ன பத்தாம் நாள் ஆர்டர் ரத்தானது. நீ அப்போது நாலாவது. நாம் அல்சூரை விட்டுப் போகவில்லை, நீ அதே பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது வரைக்கும் படித்தாய்.

மனு போடுவதும் விடுவதும் உன் வேலை. "விட்டுத்தள்ளு" என்று நான் சொல்லியிருக்கக் கூடாது, யாருக்காகச் சொன்னேன் என்று இப்போது உனக்குத் தெரியும். ஒன்று மட்டும் செய். அந்தக் குமாஸ்தாவுக்கு இந்த ஆறு மாதத்தில் மாற்றல் ஏதாவது வந்து நின்றுபோனதா, யார் நிறுத்தினது என்று அவர் சர்வீஸ் புத்தகத்தைப் பார்க்கச் சொல்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. காலையில் ஆறரைக்கு நான் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலைப் பக்கம் நடந்துகொண்டிருப்பேன், அப்போது பண்ணு. ஒரு வேளை நான் எடுக்காவிட்டால் பஸ் இரைச்சலில் காதில் விழவில்லை என்று அர்த்தம். இன்னொரு தடவை அடி.

அப்பா