உன் கத்தரி என்னிடம்தான் இருக்கிறது

அன்புத் தோழிக்கு,

திட்ட வேண்டியதை முதலிலேயே திட்டி முடித்துவிடு. ஏழெட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. நீ கூப்பிட்டபோதும் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். இவருக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, பெரியவள் வேலை மாறிவிட்டாள், சின்னவன் மாறவே இல்லை. போதுமா? விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவின் தோட்டக் கொட்டகையைக் காலி செய்தோம். எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றான் தம்பி. அவனைச் சொல்லியும் குற்றமில்லை. கதவைத் திறந்ததும் எனக்கும் துருவைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. மண்வெட்டி, கடப்பாரை, பல் ஒன்று போன வாரி, சல்லடை, பூவாளி, களைக்கொத்து. மூலையில் சாக்குக்கு அடியில் சிவப்புப் பிடி போட்ட ஒரு கத்தரி. ஆமாம்டி, அதேதான். உங்கள் வீட்டுப் பூனை மேல் பழி போட்டோமே, அந்தக் கத்தரி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

எல்லாவற்றையும் வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். துடைத்துச் சுவரில் மாட்டினால் வீடு அழகாக இருக்கும், இரண்டு வாரத்து வேலை என்று நினைப்பு. நாலு மாதமாக வினிகர் வாடையோடு சுற்றுகிறேன். இவர் பக்கத்தில் வந்து உட்காருவதே இல்லை.

முதலில் வாரி. காம்பைக் கழற்றிவிட்டு இரும்புத் தலையை மட்டும் ஓர் இரவு வினிகரில் ஊறப்போட்டேன். காலையில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் துரு சேறாகக் கழன்று வருகிறது, அடியில் சாம்பல் நிறத்தில் சுத்தமான இரும்பு. அந்தச் சந்தோஷத்தில் வெறும் தண்ணீரில் அலசி வைத்துவிட்டுப் போனேன். மத்தியானம் வந்து பார்த்தால் மறுபடியும் செம்பழுப்பு! அமிலம் கொஞ்சம் ஒட்டியிருந்து, ஈரமும் இருந்தால் சில மணி நேரத்திலேயே துரு திரும்பிவிடும். சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து உலர்த்தி, மெழுகு பூசிவிட வேண்டும். இப்போது அது வாசல் கதவுக்குப் பக்கத்தில் பல்லை நீட்டிக்கொண்டு சாவி, பை, குடை எல்லாவற்றையும் சுமக்கிறது. நீ மாட்டினால் ஆள் நடக்கிற வழியில் மாட்டாதே. இவர் நெற்றி சாட்சி.

சல்லடை சுவர்க் கடிகாரமாகிவிட்டது. பூவாளி கதைதான் சோகம். அதையும் அதே வினிகரில் முக்கினேன். நுரை நுரையாகப் பொங்கியதைப் பார்த்து, ஆகா, எப்படி வேலை செய்கிறது என்று பூரித்துப்போனேன். கரைந்தது துரு இல்லை, துத்தநாகப் பூச்சு. துருப் பிடிக்காமல் இத்தனை வருஷம் தகரத்தைக் காப்பாற்றியதே அதுதான். நான் ஒரே ராத்திரியில் உரித்துவிட்டேன். கணக்கு டீச்சர் என்னைப் பற்றிச் சொன்னது சரிதான்.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. மரப் பிடிகளுக்கு ஆளி விதை எண்ணெய் தேய்த்தேன். தேய்த்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து யதேச்சையாகக் கையை வைத்தால் துணி வெதுவெதுப்பாக இருக்கிறது! அந்த எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகும், அப்போது சூடு கிளம்பும். சுருட்டின துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்த் தானாகவே தீப்பிடிக்கும். தீக்குச்சியே வேண்டாம். அத்தனையையும் வாரித் தண்ணீரில் அமுக்கினேன். அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. நீயும் இதில் இறங்குவாய், எனக்குத் தெரியும். துணியை வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடு, இல்லையென்றால் தண்ணீரில் முக்கிவிடு.

கடைசியில் மண்வெட்டி. அப்பா இடதுகைக்காரர் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். வெட்டுவாயில் ஒரு மூலை மட்டும் இன்னொன்றைவிட ஒரு விரற்கடை தேய்ந்திருக்கிறது. காம்பில் அவர் பிடிக்கிற இரண்டு இடத்திலும் மரம் கறுத்துக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கிறது. மற்ற இடமெல்லாம் சொரசொரப்பு. உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்தவள் அரை மணி நேரம் அப்படியே இருந்தேன். "ஒரே சீராகத் தேய்த்தால்தானே அழகு" என்கிறார் இவர். அந்தக் கறுப்பு என்ன, அழுக்கா? அழுக்குதான். அப்பாவின் வியர்வையும் மண்ணும். அதைத் தேய்த்து எடுத்துவிட்டு எதை மாட்டப்போகிறேன்? உப்புத்தாளை வைத்துவிட்டேன். ஈரத் துணியால் துடைத்து, கொஞ்சம் எண்ணெய், அவ்வளவுதான்.

ஆனாலும் ஸ்குரூ போட்டுச் சுவரோடு இறுக்கினேன், புத்திசாலி! போன வாரம் அடித்த மழையில் கொல்லைப்புறத் தண்ணீர் வாய்க்கால் அடைத்துக்கொண்டு வாசற்படி வரை ஏறிவிட்டது. வீட்டில் இருக்கிற ஒரே மண்வெட்டி கூடத்தில் சாமி படம் மாதிரி தொங்குகிறது. இவர் டார்ச் பிடிக்க, நான் நாற்காலி மேல் ஏறி ஸ்குரூவைக் கழற்றிய கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நாலு வெட்டு, தண்ணீர் ஓடிவிட்டது. அந்த வழவழப்பில் என் கை தானாகப் போய் உட்கார்ந்தது, அப்பா பிடிக்கும் அதே இடம். எனக்கு வலது கை என்பதால் கொஞ்சம் கோணலாக.

இப்போது ஸ்குரூ இல்லை. மரமுளை இரண்டு அடித்து அதன் மேல் சும்மா வைத்திருக்கிறேன். சேறு முழுசாகப் போகவில்லை. வருகிறவர்கள் "இதை எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்கிறார்கள்.

சரி, கத்தரி. சிவப்புப் பெயிண்டை நான் தொடவில்லை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், தேய்த்தால் தூள் மூச்சில் போகும். அலகை மட்டும் துடைத்து எண்ணெய் விட்டேன். இரண்டு அலகையும் கொஞ்சம் விரித்துவைத்து நடுவில் கடிதங்களைச் செருகியிருக்கிறேன். உன் பழைய கடிதங்கள்தான், வேறு யார் எனக்கு எழுதுகிறார்கள்? திருப்பி அனுப்பமாட்டேன். வேண்டுமென்றால் நீயே வந்து எடுத்துக்கொள். அதுவும் முளையில்தான் தொங்குகிறது.

அந்தப் பூனையிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வழியில்லை.

அன்புடன்,
உன் கத்தரித் திருடி