தலைக்காயத்தை முதுமை என்று ஒதுக்காதவர்களுக்கு எங்கள் நன்றி

குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்ட எங்கள் அம்மாவுக்கு உரிய நேரத்தில் பாதிப்பைக் கண்டறிய உதவிய அனைவருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி தெரிவிக்கிறோம்.

அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றபோது அம்மா கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னார். சுயநினைவின் அளவை மதிப்பிடும் கிளாஸ்கோ கோமா அளவுகோலிலும் 15-க்கு 15 பெற்றார். விழுந்த கணம் மட்டும் அவருக்கு நினைவில் இல்லை. 13 முதல் 15 வரை பெறுபவர்களை லேசான காயம் என்றே வகைப்படுத்துவார்கள் என்றாலும், அந்த மதிப்பெண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல், 65 வயதைக் கடந்தவர் என்பதாலேயே சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று உறுதியாக நின்ற மருத்துவருக்கு முதல் நன்றி. இதயத்துக்கான மாத்திரை என்று மட்டுமே நாங்கள் அறிந்திருந்த ஆஸ்பிரினை மருந்து அட்டையில் பார்த்து, அது இரத்தக் கசிவை நீடிக்கச் செய்யலாம் என்று குறித்துவைத்த செவிலியரின் கவனத்தையும் மறக்க இயலாது.

முதல் ஸ்கேனில் கசிவு எதுவும் தெரியவில்லை. இருப்பினும், வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குவதால் அதன் மேற்பரப்பிலிருந்து அதை மூடியிருக்கும் உறைக்குச் செல்லும் சிறு இரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும் என்றும், அவை சிறு அடியிலும் கிழிந்து மெல்லக் கசியக்கூடும் என்றும், சுற்றிலும் இடம் இருப்பதால் அறிகுறிகள் வாரங்கள் கழித்தே வெளிப்படலாம் என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தலைவலி, தூக்கக் கலக்கம், தடுமாற்றம், பேச்சில் மாற்றம் ஆகியவற்றைக் கவனிக்கும்படி எழுதியும் கொடுத்தார். வீட்டுக்கு அனுப்பும்போது எல்லா முதியோர் குடும்பத்துக்கும் இப்படி ஒரு தாள் கிடைக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

சில வாரங்கள் கழித்து அம்மாவின் பேச்சு மந்தமானது. பார்க்க வந்தவர்களில் பலரும் வயதானால் மறதி வருவது இயல்பே என்றனர். பல ஆண்டுகளாக அம்மாவோடு தினமும் நடைப்பயிற்சிக்குச் செல்லும் பக்கத்து வீட்டு அம்மையார் மட்டும், இடது காலை இழுத்து நடக்கிறார், இது அவருடைய நடையே அல்ல என்று வற்புறுத்தினார். எந்தக் கருவியிடமும் இல்லாத ஒப்பீடு அவரிடம் இருந்தது. இரண்டாவது ஸ்கேனில் மூளையின் மேலுறைக்குக் கீழே நாட்பட்ட இரத்தத் தேக்கம் தெரிந்தது.

மண்டையோட்டில் சிறு துளையிட்டு அதை வெளியேற்றிய அறுவை சிகிச்சைக் குழுவினருக்கும், ஸ்கேன் அறைப் பணியாளர்களுக்கும், இரவில் துணையிருந்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. அம்மா நலமாக இருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மையார் தம் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், மற்றவர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறோம்.